அளவு என்னவோ சரிதான்

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த முதல் மாதம். நாங்கள் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்துவிட்டு ஜப்பானிய வாடிக்கையாளர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஒரே வரி: ‘ஸும்போ வா மொன்தாய் அரிமஸென்’. ‘அளவில் பிரச்சினை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் முகம் மலர்ந்து, சரக்கை ஏற்றச் சொல்லிவிட்டார். மறுநாள் தொலைபேசி வந்தது: “பூச்சைப் பற்றி நாங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே, எப்படி ஏற்றினீர்கள்?”

சொற்களில் பிழையில்லை. நான் கோட்டைவிட்டது அந்த ‘வா’வை. வகுப்பில் அதை எழுவாயின் அடையாளமாகவே படித்திருந்தேன். உண்மையில் அது, எதைப் பற்றிப் பேச்சு என்பதை முன்னால் எடுத்து வைக்கும் இடைச்சொல். சில இடங்களில் ‘இதைப் பொறுத்தவரை இப்படி, மற்றது வேறு’ என்ற குறிப்பையும் மடியில் கட்டிக்கொண்டு வரும். ‘அளவு என்னவோ சரிதான்’ என்று எழுதியிருந்தால், “அப்புறம் எது சரியில்லை?” என்று மேலாளரே கேட்டிருப்பார்.

அந்தச் சூட்டில் இலக்கணம் தேடிப் படித்தேன். மிகாமி அகிரா என்று ஒருவர். பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியர். 1960இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே ஒரு வாக்கியம்: ‘ஸோ வா ஹனா கா நகாய்’. சொல்லுக்குச் சொல் வைத்தால், ‘யானை, மூக்கு நீளம்’. நீளமாக இருப்பது மூக்கு. அப்படியானால் முன்னால் நிற்கும் யானைக்கு என்ன வேலை? பேச்சு அதைப் பற்றியது, அவ்வளவுதான். ஜப்பானிய இலக்கணத்துக்கு ‘எழுவாய்’ என்ற சொல்லே வேண்டாம் என்று வாதாடினார் மனிதர். கணக்கு வாத்தியாரின் பிடிவாதம்! 1976இல் லீ, தாம்ப்சன் என்ற மொழியியலாளர்கள் இருவரும் சீனத்தைப் பேசுபொருளுக்கு முதலிடம் தரும் மொழியாக வகைப்படுத்தினார்கள். ஜப்பானியமும் கொரியமும் எழுவாய், பேசுபொருள் இரண்டுக்கும் இடம் கொடுப்பவை என்றார்கள்.

நாம் ‘யானைக்குத் தும்பிக்கை நீளம்’ என்று ஒரு ‘கு’வைப் போட்டுத் தப்பித்துவிடுகிறோம். எங்கள் கேண்டீனில் ஜப்பானியப் பொறியாளர் ‘வதாஷி வா கோஹீ’ என்றபோது, “நான் காபி என்கிறாரே!” என்று பயிற்சிக்கு வந்த பையன் விழுந்து விழுந்து சிரித்தான். ‘எனக்குக் காபி’ என்று விளக்கிய பிறகுதான் அடங்கினான்.

இப்போது மின்னஞ்சலை அச்செடுத்ததும் முதலில் ‘வா’க்களைப் பென்சிலால் வட்டமிடுகிறேன். போன மாதம் ‘நோகி வா தாய்ஜோபு தெஸ்’ என்று வந்தது. “டெலிவரி தேதி என்னவோ பரவாயில்லையாம், சார்” என்றேன்.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். “விலையில் கை வைக்கப் போகிறார்களா?”