காசி மகாராஜா கொடுத்த கிணறு

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரை ஊரான ஹென்லியிலிருந்து தோழியின் காரில் மேற்கே ஐந்து மைல் ஏறினோம். சில்டர்ன் குன்றுகளின் மேல், பீச் மரக்காடுகளுக்கு நடுவே, ஸ்டோக் ரோ என்ற சின்ன ஊர். சாலையோரத்தில் இரும்புத் தூண்கள் தாங்கிய ஒரு குவிமாடம் திடீரென்று கண்ணில் பட்டது. அதன் அடியில், தண்ணீர் இறைக்கும் எந்திரத்தின் மேல், பொன்வண்ணம் பூசிய யானை ஒன்று நிற்கிறது. விதானத்தைச் சுற்றி எழுதியிருப்பதை நடந்துகொண்டே படித்தேன்: காசி மகாராஜா இந்தக் கிணற்றைக் கொடுத்தார் என்கின்றன அந்த எழுத்துகள். இந்தியாவிலிருந்து போனதையெல்லாம் இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களில் பார்த்துப் பார்த்து மனம் கனத்திருந்த எனக்கு, இந்த ஊருக்கு இந்தியா கொடுத்த ஒன்றின் முன்னால் நிற்பது புதிதாக இருந்தது.

இங்கிலாந்தில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்கத் தோன்றும். இந்தக் குன்றுகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. பெய்கிற மழையைப் பாறை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மேட்டில் ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை. களிமண் குட்டைகளில் தேங்கும் மழைநீர்தான் ஏழைகளுக்கு. கோடையில் அதுவும் வற்றிவிடும். வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு தாய் தன் மகனை அடித்த கதையைப் பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் மறக்கவில்லை. கம்பெனி அதிகாரியாக வட இந்தியாவில் பணியாற்றியபோது, 1831-இல் அசம்கரில் மக்களுக்காக அவர் ஒரு கிணறு வெட்டினார். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் பேச்சுவாக்கில் அந்தச் சிறுவன் கதையையும் சொல்லியிருக்கிறார்.

ரீட் ஊர் திரும்பிய பிறகும் மகாராஜா அதை மனத்தில் வைத்திருந்தார். இங்கிலாந்தில் ஏதாவது தர்மம் செய்ய வேண்டும் என்று தோன்றியபோது அவருக்கு நினைவு வந்தது இந்த மேட்டு ஊர்தான்.

1863 மார்ச்சில் தோண்டத் தொடங்கினார்கள். முழுவதும் கைவேலை. கிணற்றின் அகலம் 4 அடி, ஆழம் 368 அடி! லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உயரமே 365 அடிதான். நான் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தேன்; முழுவதும் நீட்டும் முன்பே இரண்டு பக்கச் சுவரும் கையில் தட்டிவிடும் அளவுதான் அந்த அகலம். அவ்வளவு இடத்துக்குள் குனிந்து, நிமிர்ந்து, வெட்டிய மண்ணை வாளியில் நிரப்பி மேலே அனுப்பி, ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கீழே கீழே போயிருக்கிறார்கள். கொடுத்தவரின் பெயர் மேலே பளபளக்கிறது. என் வணக்கத்தில் பாதி உள்ளே இறங்கியவர்களுக்கு. 1864 மே 24, விக்டோரியா அரசியின் பிறந்த நாளன்று கிணறு திறக்கப்பட்டது. செலவு 353 பவுண்டு 13 ஷில்லிங் 7 பென்ஸ்.

தண்ணீருக்குக் காசு கிடையாது. அப்படியானால் பராமரிப்பது யார்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. பக்கத்தில் நிலம் வாங்கிச் செர்ரித் தோட்டம் வைத்தார்கள். பெயர் ஈஸ்ரீ பாக். பழம் விற்ற பணம் கிணற்றுக் காவலருக்கு. அவர் குடியிருந்த எண்கோண வீடு இன்றும் பொம்மை வீடு போல அங்கேயே நிற்கிறது. தர்மத்தைச் செய்வதோடு நிறுத்தாமல், அது நடந்துகொண்டே இருக்க வழியும் செய்த இந்த யோசனைதான் என்னை அதிகம் கவர்ந்தது. எழுபது ஆண்டுகளுக்கும் மேல் ஊர் இதில் தண்ணீர் இறைத்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 1857 கிளர்ச்சியில் காசி அரசர் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். கிணறு தோண்டத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வட இந்தியாவில் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட தோவாப் பகுதி பஞ்சத்தில் வாடியது. இந்தக் கொடையில் அரசியல் கலக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் குடத்தோடு வந்து நின்ற பெண்ணுக்குக் கிடைத்தது நல்ல தண்ணீர். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

1964-இல் நூற்றாண்டு விழாவுக்கு எலிசபெத் அரசியின் கணவர் பிலிப் வந்திருக்கிறார். கங்கை நீரைக் கொண்டுவந்து கிணற்று நீரோடு கலந்தார்களாம். இதைப் படித்தபோது தோழியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாலையில் ஹென்லிக்கு இறங்கினோம். பாலத்தின் கீழே தேம்ஸ் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தோழி காரை ஓரமாக நிறுத்தினாள். மேட்டிலிருந்து இவ்வளவு தண்ணீருக்கு ஐந்தே மைல். அந்தச் சிறுவன் இந்த ஆற்றை ஒருமுறையாவது பார்த்திருப்பானா என்று அவள் கேட்டாள்.