ஈகோ வேனில் லித்தியம் பேட்டரி: இதுவரை

மாருதி ஈகோ வேனுக்குள்ளேயே படுத்து, சமைத்துப் பயணம் போகிறேன். ஃபேன், ஃப்ரிட்ஜ், மிக்ஸிக்குக் கரண்ட் வேண்டுமே என்று வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் (ஈய-அமில) பேட்டரியைத்தான் முதலில் அதற்குள் வைத்து ஓட்டினேன். ஐம்பது கிலோவுக்கு மேல் கனம், ஏற்றி இறக்க ரெண்டு ஆள் வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் ஜன்னலை முழுக்க மூடிப் படுக்க முடியாது. பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக 1800 வாட்-மணியில் கைக்கு வருவது 900தான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலையில் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டால் வோல்டேஜ் 11 பக்கம் சரிந்து, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி, தேங்காய் பாதி அரைபட்டு நிற்கும். அதுதான் என்னை லித்தியம் பக்கம் தள்ளியது.

எடுத்தது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். போனில் இருக்கும் வகையைவிடக் கனமானது, ஆனால் சூட்டில் எளிதில் தீப்பிடிக்காது. (1997இல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடினஃப்போடு சேர்ந்து இதைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்களில் இருவர் ஏ.கே. பாதி (Padhi), கே.எஸ். நஞ்சுண்டசாமி. நம்ம ஊர்ப் பெயர்களைப் பார்த்ததும் ஒரு சின்ன சந்தோஷம்.) 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி செல் நாலு. பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, அளவு மீறினால் கட் செய்யும் சர்க்யூட்), பெட்டி எல்லாம் சேர்த்தும் ஒரு கையால் தூக்கலாம்.

தொடராகக் கோர்த்து 12.8 வோல்ட் ஆக்குவதற்கு முன் நாலு செல்லையும் இணையாகக் கட்டி 3.65 வோல்ட் வரை ஏற்றிச் சமப்படுத்த வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை இது. மீட்டர் மணிக்கணக்கில் 3.3லேயே உட்கார்ந்திருக்கும், அசையவே அசையாது. 3.4ஐத் தாண்டியதும் பால் பொங்குகிற மாதிரி சட்டென்று ஏறும், அப்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது.

இப்போது மிக்ஸி ஓடினால் 45 ஆம்பியர் இழுக்கிறது, வோல்டேஜ் 12.9க்குக் கீழே போகவில்லை. ராத்திரி 30 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 240 வாட்-மணி. சின்ன ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 500 சொச்சம். இந்தப் பேட்டரியின் 1280 வாட்-மணிக்குள் ரெண்டும் தாராளமாக அடங்குகின்றன. இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் ஆகாது. 1500 வாட் என்றால் 120 ஆம்பியருக்கு மேல், என் பிஎம்எஸ் 100லேயே கட் ஆகிவிடும். கேஸ் அடுப்பு இருக்கட்டும்.

வோல்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது என்பது இதில் ஒரு தொல்லை. முக்கால்வாசி இருந்தாலும் பாதிக்குக் குறைவாக இருந்தாலும் 13.1, 13.2 என்றே காட்டும். போகிற, வருகிற கரண்டை எண்ணும் ஷன்ட் மீட்டர் தனியாக வேண்டும். ஷார்ட் ஆனால் பாயும் கரண்ட் பயங்கரம், அதனால் கார் ஆடியோ கடை ஃப்யூஸை நம்பாமல் அவ்வளவு கரண்டையும் அறுக்கக்கூடிய கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் போட்டேன். செலவு இப்படித்தான் ஏறுகிறது.

சார்ஜ் ஏற்ற வண்டி எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒயர் இழுக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். லித்தியம் கிடைக்கிற கரண்டையெல்லாம் உறிஞ்சும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எஞ்சின் ஐடிலிங்கில் ஊர்கிற நேரத்தில் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும், காற்றும் படாது, வெந்துவிடும். அதனால் கரண்டை 20 ஆம்பியருக்கு மேல் விடாத டிசி-டிசி சார்ஜரை நடுவில் வைத்தேன். பழவேற்காடு போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆனால் 40 ஆம்பியர்-மணி ஏறிவிடுகிறது, போதும்.

வெளிநாட்டு வீடியோக்களில் பனியில் சார்ஜ் போடக்கூடாது என்று பாடம் எடுப்பார்கள். தண்டையார்பேட்டையில் நமக்கு வெயில்தான் பிரச்சினை. ஈகோவில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் அந்தப் பக்கமே கூடாதென்று பெட்டியைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்து, செல் 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் நிற்கும்படி செட் செய்தேன். உப்புக்காற்றில் ஒயர் முனையில் மாட்டும் செம்பு லக் பச்சை பூத்துவிடும். தகரப்பூச்சு லக், மேலே வாஸ்லின்.

என்னைக் கேட்டால் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் சந்துக்குள் வண்டி வராது, தெருமுனையில் பல வாரம் சும்மா நிற்கும், அங்கே பிளக் கிடையாது. ட்யூபுலர் அப்படிப் பாதி சார்ஜில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து வீணாகும். லித்தியத்துக்குப் பாதி சார்ஜில் கிடப்பதுதான் நல்லது. வெயிலில் ஃபுல் சார்ஜோடு நிறுத்துவதைத்தான் தவிர்க்க வேண்டும். எப்போதாவது கிளம்புகிறவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வண்ணாரப்பேட்டை பேட்டரிக் கடை அண்ணன் இதை ஒப்புக்கொள்வதில்லை. “இன்னா தம்பி, ட்யூபுலர் செத்தா ஈயத்துக்குக் காசு குடுத்து நானே எடுத்துக்குவேன். இது செத்தா எங்க எடுத்துனு போவ?” பழைய பேட்டரியைத் தயாரிப்பாளரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஆனால் உதிரி செல்லாக வாங்கியவனிடம் யார் வாங்குவார்கள்? அண்ணனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அடுத்து கூரை கேரியரில் 100 வாட் பேனல். ட்யூபுலர் வீட்டுக்கே திரும்பிவிட்டது. தினமும் சார்ஜ் ஏறி இறங்குகிற அந்த இடத்தில் அதை மாற்றும் எண்ணம் இல்லை.