டென்ட் வாங்கும் முன் தரையில் டேப் ஒட்டுங்கள்

‘இருவர் டென்ட்’ என்றால் இரண்டு பேர் தோள் இடிக்கப் படுக்கலாம் என்று மட்டும்தான் பொருள். சாதாரண ஸ்லீப்பிங் மேட்டின் அகலம் சுமார் 51 செ.மீ., அகலமானது 64. முதுகில் சுமக்கும் இருவர் டென்ட்டுகளில் தலைமாட்டு அகலம் பெரும்பாலும் 130 செ.மீ.யை ஒட்டியே இருக்கும். எடை குறைக்க வேண்டுமென்று பலவற்றில் கால்மாட்டை 107 வரைகூட ஒடுக்கிவிடுகிறார்கள். அகல மேட் இரண்டு போட்டால் அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

அதனால் பணம் கொடுக்கும் முன், தரைப்பட அளவுகளைப் பார்த்து வீட்டுத் தரையில் மாஸ்கிங் டேப்பால் அதே வடிவத்தை ஒட்டுங்கள். மேட்டை விரித்து, ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்து படுங்கள். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சற்று இடம் மிஞ்ச வேண்டும். சுவர் சாய்வாக இறங்குவதால், மேட்டின் மேல் படுத்திருக்கும் உயரத்தில் கிடைக்கும் நீளம் தரை நீளத்தைவிடக் குறைவு. ஆறடிக்காரர்கள் 220 செ.மீ.க்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம்.

இந்தக் கால்மாட்டைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. காலையில் ஸ்லீப்பிங் பேக்கின் நுனி ஈரமாக இருந்தால் டென்ட் ஒழுகுகிறது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது நம் மூச்சுதான். மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த வெளித்துணியில் பட்டு நீர்த்துளியாகிறது. இரட்டைச் சுவர் டென்ட்டில் உள்ளே இருக்கும் வலை நம்மை அந்தத் துணியில் படாமல் காக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே கைவிரல்கள் நுழையும் இடைவெளி இருந்தால்தான். கால்மாட்டில் வெளித்துணியின் நடுவில் இழுத்துக் கட்ட ஒரு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காற்றில் துணி உள்வலையோடு ஒட்டிக்கொள்ளும். உச்சியில் காற்றுத் திறப்பும் அவசியம். மழையிலும் அதை மூடக்கூடாது. ஒற்றைச் சுவர் டென்ட் எடை குறைவுதான், ஆனால் முதல் டென்ட்டாக அதை நான் சொல்லவே மாட்டேன்.

எடையில் இரண்டு எண்கள் போடுவார்கள். குறைந்தபட்ச எடையில் முளை, கயிறு, பை சேராது. மொத்த எடையை வைத்தே ஒப்பிடுங்கள். இருவர் டென்ட்டுக்கு ஒன்றரை முதல் 2 கிலோ நியாயமான எடை. ஒரு கிலோவுக்கும் கீழே போனால் மெல்லிய துணியாக இருக்கும், அல்லது கம்புகளே இல்லாமல், நடக்கும்போது நாம் ஊன்றும் ட்ரெக்கிங் போலை வைத்து நிறுத்துவதாக இருக்கும். பாறைத் தரையில் முளை இறங்காதபோது அதை நிறுத்துவது பெரும்பாடு.

நைலான் நனைந்தால் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நள்ளிரவில் தொய்ந்து உள்வலையைத் தொடும். எழுந்து மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. இரு பக்கமும் சிலிக்கான் பூசிய துணியில், தையல் துளைகளை அடைக்கும் தையல் டேப் ஒட்டாது. தையல் அடைக்கப்பட்டு வருகிறதா, நாமே பசை பூச வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தோடு மடித்து வைத்தால் பிசுபிசுத்து, புளித்த வாடை அடிக்கும். அப்படி ஆனதைத் திருத்த முடியாது. நீர்த்தாங்கு அளவு (ஒழுகாமல் எவ்வளவு உயர நீரைத் துணி தாங்கும் என்பது) வெளித்துணிக்கு 1200 முதல் 1500 மி.மீ. போதும், முழங்கால் அழுத்தும் தரைக்குத்தான் கூடுதலாக வேண்டும்.

கம்புகள் அலுமினியமாக இருக்கட்டும். ஃபைபர்கிளாஸ் நீளவாக்கில் சிம்புசிம்பாகப் பிளக்கும். உடைந்த இடத்தில் மாட்டும் சிறு குழாய் ஒன்று கூடவே வருகிறதா என்றும் பாருங்கள்.

அடிவிரிப்பு டென்ட் தரையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல்கடை உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வழியும் மழைநீரை ஏந்தி நேரே நம் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

வாங்கி வந்ததும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நிறுத்துங்கள். ஜிப்பை இரு திசையிலும் பத்துத் தடவை ஓட்டுங்கள், தையல் டேப் முழுவதையும் விரலால் தடவுங்கள். குறை இருந்தால் நனைக்காமல் திருப்பிக் கொடுங்கள். குறை எதுவும் இல்லையென்றால் ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் தண்ணீர் அடித்து, உள்ளே டார்ச்சோடு மூலைகளைப் பாருங்கள். பிறகு நன்றாகக் காயவிட்டு, இறுக்கமான பையில் திணிக்காமல் தளர்வாக மடித்து வையுங்கள்.