பாட்டுக் கொப்பியில் பிழையான பெயர்கள்

எங்கள் பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் மூன்றாம் முறையும் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார்கள், இனிச் சாட்டுச் சொல்ல முடியாது. கிரிக்கெட் மட்ச்சைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. அதனால் நான் என்னுடைய பாட்டுக் கொப்பியைப் பற்றி எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் விடுதியில் இருந்தவர்களுக்கு அந்தக் கொப்பி ஞாபகம் இருக்கும். பழுப்புத் தாளில் உறை போட்டது. பக்கத்துக்கு ஒரு ஆங்கிலப் பாட்டு, மேலே பாட்டின் பெயர், அதற்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு கீறிப் பாடியவரின் பெயர். இரவில் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்த ட்ரான்சிஸ்டரில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டு, காதில் விழுந்தபடி எழுதியவை. பற்றரி இறங்கினால் அடுத்த நாள் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு இரவுக்கு ஓட்டுவோம். சொற்களில் பாதி பிழை, அதை விடுங்கள், அமெரிக்கக்காரன் பாடுவது எட்டாம் வகுப்புப் பெடியனுக்கு எப்படி விளங்கும். ஆனால் பெயர்களும் பிழை என்பது எனக்குத் தெரியவர ஏறக்குறைய ஐம்பது வருடம் எடுத்தது.

விடுதியில் ஒரேயொரு கிற்றார் இருந்தது. அதை வைத்திருந்தவர் எங்களுக்கு நாலு வகுப்பு மேலே, நாங்கள் கிற்றார் அண்ணை என்போம். (பெயர் போடவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.) ஆறு தந்தியில் ஒன்று அறுந்தபோது மீன் பிடிக்கும் தங்கூசியைக் கட்டி வாசித்தவர் அவர். ஒருநாள் பின்னேரம் அண்ணை தந்தியை விரலால் தள்ளி வளைத்து எல்விஸின் பாட்டொன்றை வாசித்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கமாக வந்த சங்கீத சேர் நின்று கேட்டார். கொஞ்ச நேரம் காதைச் சரித்துக் கேட்டுவிட்டு, "தம்பி, உன்ரை காந்தாரம் எங்கை நிக்குது? சாதாரணமும் இல்லை, அந்தரமும் இல்லை, ரெண்டுக்கும் நடுவிலை தொங்குது" என்றார். நாங்கள் சிரித்தோம். அண்ணை சுருதி சேர்க்கத் தெரியாமல் வாசிக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தோம்.

சேர் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அது பிழை இல்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசையின் உயிரே அந்த நடுவில் தொங்கும் காந்தாரம்தான். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் வயலிலும் தேவாலயத்திலும் பாடிய பாட்டில் இருந்த அந்தச் சுரத்துக்கு ஐரோப்பியப் பியானோவில் கட்டை கிடையாது. அதனால் பியானோக்காரர் பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டையும் சேர்த்து நசுக்குவார், கிற்றார்க்காரர் தந்தியை வளைப்பார், இல்லாவிட்டால் உடைந்த போத்தல் கழுத்தை விரலில் மாட்டித் தந்தியில் வழுக்குவார். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த வழுக்கல் புதிதாக இருக்காது.

மற்றது கட்டமைப்பு. இதைச் சங்கீதம் படித்தவர்களுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பாகத்துக்கு நாலு தட்டு, பன்னிரண்டு பாகம், ஆக 48 தட்டு. முதல் நாலு பாகம் சட்ஜத்தின் மேல், அடுத்த இரண்டு மத்திமத்தின் மேல், திரும்ப இரண்டு சட்ஜம், பிறகு பஞ்சமத்தில் ஒன்று, மத்திமத்தில் ஒன்று, கடைசி இரண்டும் வீட்டுக்கு வந்து சட்ஜம். பாட்டு வரியும் அப்படித்தான்: ஒரு வரியைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்லி, மூன்றாவது வரியில் பதிலைப் போடுவது. இந்தச் சட்டகத்தின் வேகத்தைக் கூட்டி, இரண்டாம் தட்டிலும் நாலாம் தட்டிலும் ட்ரம்ஸை ஓங்கி அடித்தால் றொக் அன்ட் றோலின் முக்கால்வாசி வந்துவிடும். என் கொப்பியில் இருந்த பாட்டுகளில் பெரும்பான்மை இந்த 48 தட்டுக்குள்தான் அடங்கும். நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை, ஒவ்வொன்றையும் புதுப்பாட்டு என்று நினைத்து எழுதியிருக்கிறோம்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன்.

2017இல் ஓய்வு பெற்ற கையோடு ரொறன்ரோவிலிருந்து சிக்காகோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் ஒரு கிற்றார்ப் பைத்தியம். அவர்தான் என்னைத் தெற்கு மிச்சிகன் அவெனியூ 2120ஆம் இலக்கக் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். ஒடுங்கலான இரண்டு மாடிக் கட்டடம், தெரியாவிட்டால் கடந்து போய்விடுவீர்கள். போலந்திலிருந்து வந்த லியோனார்ட், ஃபில் என்ற செஸ் சகோதரர்களின் இசைத்தட்டுக் கம்பனி 1957 முதல் பத்து வருடம் வரை இருந்த இடம். மாடியில் ஒலிப்பதிவுக்கூடம், அவ்வளவுதான், எங்கள் விடுதி மண்டபத்தை விடச் சின்னது.

என் கொப்பியில் 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' என்ற பாட்டுக்குக் கீழே ரோலிங் ஸ்டோன்ஸ் என்று எழுதிக் கோடு கீறியிருந்தேன். 1964 டிசம்பரில் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த பாட்டு. அந்தக் கூடத்தில் வைத்துத்தான் அது வில்லி டிக்சன் எழுதி, ஹவுலிங் வுல்ஃப் 1961இல் பாடிய பாட்டு என்று கேள்விப்பட்டேன். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற அந்தக் குழுவின் பெயரே புளூஸ் பாடகர் மடி வோட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட பாட்டொன்றின் பெயரிலிருந்து எடுத்தது. குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் 1961இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் பேச்சுத் தொடங்கியதே ஜாகரின் கையில் சக் பெரியின் தட்டும் மடி வோட்டர்ஸின் தட்டும் இருந்ததால்தான். 1964இல் அவர்கள் இந்தக் கட்டடத்துக்கே ஒலிப்பதிவுக்கு வந்தார்கள். அன்று மடி வோட்டர்ஸ் ஏணியில் நின்று கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார் என்று ரிச்சர்ட்ஸ் சொல்லுவார், செஸ் குடும்பத்தார் அப்படி ஒன்றும் இல்லை என்று மறுப்பார்கள். நான் குடும்பத்தாரின் பக்கம். எத்தனையோ வெற்றித் தட்டுகளைக் கொடுத்த மனுசனிடம் தூரிகையைக் கொடுத்து யாராவது சுவருக்கு அடிக்கச் சொல்லுவார்களா?

ஸ்டோன்ஸ்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களைக் கூப்பிட்டபோது ஹவுலிங் வுல்ஃபையும் மேடைக்கு ஏற்றி, அவர் பாடும்வரை காலடியில் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைச் சொன்னார்கள். எல்லோரும் சொன்னார்கள் என்று இல்லை. லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து றொக் குழுவின் மீது வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டு, இரண்டு வருடத்தில் இணக்கத்துக்கு வந்த பிறகுதான் அவர்களுடைய மிகப் பெரிய பாட்டொன்றில் அவர் பெயர் ஏறியது. டிக்சன் தொடங்கிய அறக்கட்டளைதான் இப்போது அந்தக் கட்டடத்தை நடத்துகிறது.

அடுத்த கிழமை மருமகனும் நானும் காரில் தெற்கே இறங்கினோம், மெம்பிஸ், பிறகு 61ஆம் நெடுஞ்சாலையில் மிசிசிப்பி டெல்டா. டெல்டா என்றதும் நான் கடலை எதிர்பார்த்தேன், அங்கே கடல் இல்லை, கண்ணுக்கெட்டின தூரம் வரை தட்டையான பருத்தி வயல்தான். கிளார்க்ஸ்டேல் என்ற சின்னப் பட்டணத்தில் பழைய சரக்கு ரயில் நிலையத்தை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், அதற்குள்ளே மடி வோட்டர்ஸ் வாழ்ந்த குடிலின் மரச்சுவர்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 1941இல் நாட்டார் பாட்டுச் சேகரிப்பாளர் அலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு ஸ்டோவல் தோட்டத்துக்கு வந்து அவரைப் பாடவைத்த காலத்தில் அவர் அங்கே ட்ராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். தன் குரலைத் தட்டில் கேட்ட பிறகு அவருக்கு வயலில் இருப்புக் கொள்ளவில்லை, 1943இல் சிக்காகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். அடுத்த வருடம் அதே கிளார்க்ஸ்டேலுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பருத்தி பறிக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். கைகளுக்கு வேலை குறைந்தது, நிறவெறி குறையவில்லை, சனம் வடக்கே போனது. 1910 முதல் 1970 வரை தெற்கை விட்டுப் போன கறுப்பினத்தவர் சுமார் 60 இலட்சம் பேர். சிக்காகோ மதுச்சாலையின் சத்தத்துக்குள் வெறும் கிற்றார் எடுபடாது, அதனால் மின்சாரத்தைக் கொடுத்தார்கள். பெட்டி படுக்கையோடு பாட்டும் இடம்பெயர்ந்தது, போன இடத்தில் குரலை உயர்த்தவேண்டி வந்தது. எனக்கு இதை விளக்கப்படுத்த மருமகன் கஷ்டப்படவில்லை.

அருங்காட்சியகத்தில் எனக்குப் பிடித்தது பழைய காலத்துப் பிள்ளைகளின் வாத்தியம். விளக்குமாற்றைக் கட்டியிருக்கும் கம்பியைக் கழற்றி, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டி, போத்தலை வைத்து வழுக்கி வாசிப்பார்கள். கிற்றார் அண்ணையின் தங்கூசியை நினைத்து நான் அங்கேயே சிரிக்க, மருமகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கொப்பியின் முதல் பக்கம் 'ஹவுன்ட் டோக்', எல்விஸ் பிரெஸ்லி என்று தடித்த எழுத்தில் போட்டது. எல்விஸ் பாடியது 1956இல். 1952இலேயே அதைப் பாடிப் பதிவு செய்தவர் பிக் மாமா தோர்ன்டன். அடுத்த வருடம் தட்டு வந்து, கறுப்பினத்தவரின் இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. தனக்கு 500 டொலருக்கு ஒரு காசோலை கிடைத்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் வெள்ளையர் திருடினர், கறுப்பினத்தவர் இழந்தனர் என்று ஒரே வரியில் முடிக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தப் பாட்டைத் தோர்ன்டனுக்காக எழுதியவர்கள் லெய்பர், ஸ்டோலர் என்ற இரண்டு யூதப் பெடியங்கள், வயது பத்தொன்பது. எல்விஸின் முதல் தட்டும் அப்படித்தான், 1954 ஜூலையில் மெம்பிஸில் பதிவான அந்தப் பாட்டு ஆர்தர் குரூடப் 1946இல் பாடியது. குரூடப் வாசித்ததைக் கேட்டுத்தான் வந்தேன் என்று எல்விஸே 1956இல் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். பெயர் சொன்னது சரி, காசு போய்ச் சேரவில்லை. குரூடப் தோட்டக் கூலி வேலை செய்தே காலத்தை ஓட்டி 1974இல் இறந்துபோனார்.

பிழையான பெயர் போடுவதில் நான் தனி ஆள் இல்லை என்பதுதான் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல். 1951இல் கிளார்க்ஸ்டேல்காரரான ஐக் டர்னர் தன் குழுவோடு இதே 61ஆம் சாலையால் மெம்பிஸ் போனார். வழியில் ஒலிபெருக்கிப் பெட்டி பழுதாகிவிட, உள்ளே கடதாசியைத் திணித்து வாசித்தார்கள், அந்தக் கரகரப்பு எல்லோருக்கும் பிடித்துப்போனது. 'ரொக்கெட் 88' என்ற அந்தப் பாட்டைத்தான் முதல் றொக் அன்ட் றோல் தட்டு என்று பலர் சொல்கிறார்கள். தட்டில் டர்னரின் பெயர் இல்லை, பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயரும், இல்லாத ஒரு குழுவின் பெயரும் அச்சாகியிருந்தன. சக் பெரியின் கதை இன்னும் மோசம். மடி வோட்டர்ஸ் சொல்லி அனுப்பி 1955இல் செஸ் வாசலுக்கு வந்தவர் அவர். முதல் தட்டு வெளிவந்தபோது பாட்டை எழுதியவர்கள் என்று அவரோடு இன்னும் இரண்டு பெயர். ஒருவர் அலன் ஃபிரீட், றொக் அன்ட் றோல் என்ற சொல்லை வானொலியில் பரப்பியவர், பாட்டில் ஒரு சொல்லும் எழுதாதவர். வானொலியில் போடுவதற்குக் கொடுத்த கூலி அது. முழு உரிமையும் பெரியின் கைக்குத் திரும்பியது 1986இல். (இந்தச் சக் பெரிதான் முப்பதை எட்டும் வயதில் பள்ளிக்கூட மணியையும் பாட வகுப்பையும் வைத்துப் பாட்டெழுதி உலகத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஆடவைத்தவர். அவருடைய பாட்டுகள் என் கொப்பியில் பீட்டில்ஸ் பெயரிலேயே இரண்டு இருந்தன.)

திரும்பும் வழியில் டட்வைலர் என்ற ஊரில் நிறுத்தினோம். ரயில் நிலையம் இப்போது இல்லை. 1903 வாக்கில் டபிள்யூ. சி. ஹான்டி என்ற வாத்தியக் குழுத் தலைவர் அங்கே பிந்தி வந்த ரயிலுக்காகக் காத்திருந்து கண்ணயர்ந்தபோது, பக்கத்தில் கந்தல் உடுப்போடு ஒரு மெலிந்த மனிதர் கத்தியைத் தந்தியில் அழுத்தி வழுக்கி, இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் இடத்தைப் பற்றி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாராம். அதை ஹான்டியே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். புளூஸ் மெட்டுகளை அச்சுக்குக் கொண்டுவந்து, புளூஸின் தந்தை என்று பெயர் வாங்கியவர் ஹான்டி. கத்தி வைத்து வாசித்தவரின் பெயரை அவர் எழுதிவைக்கவில்லை.

என் கொப்பி இப்போது எங்கே என்று தெரியாது. பள்ளியை விட்டுப் போகும்போது வகுப்புத் தோழன் ஒருவனிடம் கொடுத்தேன், அவன் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்ததாம், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பியபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. யார் வீட்டிலாவது தப்பியிருந்தால், முதல் பக்கத்தில் எல்விஸுக்கு மேலே தோர்ன்டனின் பெயரைச் சிவப்பு மையில் போட்டுவிடுங்கள். மற்றப் பக்கங்களுக்கு நான் பட்டியல் அனுப்புகிறேன்.

கடைசிப் பக்கம் மட்டும் எனக்கே உறுத்தியது. அதில் கிற்றார் அண்ணை தானே போட்ட மெட்டு ஒன்று, சொல்லில்லாமல் சுரம் மட்டும் எழுதியது. விடுதி தினத்தில் அவர் அதை வாசித்து மண்டபம் கைதட்டியது. அதன் கீழே கோடு இருக்கிறது, பெயர் இல்லை. தெரிந்த ஆள்தானே என்று விட்டுவிட்டேன் போல. போன மாதம் லண்டனுக்கு போன் எடுத்து, அண்ணை, அறுபது வருசத்துக்குப் பிறகு மன்னிப்புக் கேக்கிறன், உங்கடை பாட்டுக்கு உங்கடை பேரைப் போடேல்லை என்றேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு இருமிக்கொண்டே சிரித்தார்.

"தம்பி, அது என்ரை இல்லையடா. காங்கேசன்துறையிலை ஒரு கப்பல்காரன் வாசிச்சது. ரெண்டு பின்னேரம் பக்கத்திலை இருந்து பாத்துப் பழகினனான்."

"அவற்றை பேர் என்ன அண்ணை?"

"ஆர் கேட்டது."