வைவாவில் என்னை மாட்டிவிட்ட டிஎஸ்சி வரைபடம்

பெட் (பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக்) ஃபிலிமைச் சூடாக்கினால் அதன் படிக அமைப்பு எப்படி மாறும் என்பதுதான் முதுகலையில் என் ப்ராஜெக்ட். சுலபம் என்று நினைத்தேன். உருக்கிச் சட்டென்று குளிரவைத்த ஃபிலிமில் பிளாஸ்டிக்கின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமிருக்காது. படிகம் அநேகமாக இல்லை, பார்க்கத் தெளிவாக இருக்கும். 75 டிகிரி செல்சியஸ் வாக்கில் சங்கிலிகள் அசையத் தொடங்கும். 130 வாக்கில் மளமளவென்று படிகமாகி ஃபிலிம் வெளுத்துவிடும்.

வைவாவில் என் டிஎஸ்சி வரைபடத்தைக் காட்டிக் கேள்வி வேறு மாதிரி வந்தது (மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே அது வாங்கும், வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் கருவிதான் டிஎஸ்சி). "சூடாக்காத ஃபிலிம், சூடாக்கியது, இரண்டுக்கும் 250 டிகிரியை ஒட்டி வரும் உருகுச் சிகரம் ஏறக்குறைய ஒரே அளவுதானே? அப்புறம் என்ன மாறியது?" எனக்கு வாயடைத்துப் போனது.

டிஎஸ்சியும் ஒரு அடுப்புதான் என்பதை மறந்திருந்தேன். நிமிடத்துக்கு 10 டிகிரி ஏறும்போதே படிகமில்லாத ஃபிலிம் கருவிக்குள் படிகமாகி வெப்பத்தை வெளிவிடும். பிறகு அதுவும் சேர்ந்தே உருகும். ஆகவே உருகும் வெப்பத்திலிருந்து அந்த வெளிவிட்ட வெப்பத்தைக் கழிக்க வேண்டும். கிராமுக்கு 44 ஜூலில் உருகி, வழியில் 34 ஜூலை வெளிவிட்டிருந்தால், மிச்சம் 10. முழுப் படிக பெட்டுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் 140 ஜூலால் வகுத்தால், ஃபிலிமில் முதலிலேயே இருந்த படிகம் சுமார் 7 சதவீதம். முன்பே சூடாக்கிய ஃபிலிமில் கழிக்க எதுவும் இல்லாவிட்டால், அதே 44 ஜூல் 31 சதவீதம்.

இன்னொன்று: பழக்கதோஷத்தில் இரண்டாவது சூடேற்றத்தின் வரைபடத்தை எடுத்துவிடாதீர்கள். முதல் தடவை உருகியதுமே நீங்கள் ஓவனில் செய்ததெல்லாம் அழிந்துபோகும். முதல் சூடேற்றம்தான் உங்கள் ஃபிலிமின் கதை. எந்தத் திசை வெப்பம் வெளிவிடுவது என்பதையும் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். கருவிக்குக் கருவி தலைகீழாக இருக்கும்.

எக்ஸ்ரே சிதறலை அளந்து எடுக்கும் வரைபடத்தில் அகன்ற மேடு மட்டும் இருந்தால் படிகமில்லை, கூர்மையான சிகரங்கள் எழுந்தால் படிகம். ஆனால் இழுத்து நீட்டிய ஃபிலிமில் இதை நம்பிவிடக் கூடாது. குறிப்பிட்ட படிகத் தளங்கள் ஃபிலிமின் பரப்புக்கு இணையாகப் படுத்திருப்பதால், தட்டையாக வைத்துப் பிரதிபலிப்பில் அளந்தால் பல சிகரங்கள் காணாமல் போகும். ஊடுருவல் முறையிலும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். நீட்டிய ஃபிலிமை ஓவனில் சும்மா போட்டால் சுருங்கி, சங்கிலிகளின் ஒழுங்கும் தளரும். சட்டத்தில் இறுக்கிப் பிடித்துத்தான் சூடாக்க வேண்டும்.

கடைசியாக, "நீட்டிய ஃபிலிமில் படிகம் நிறைய இருந்தும் ஏன் வெளுக்கவில்லை?" என்றும் கேட்டார்கள். அதற்கு மட்டும் சரியாகச் சொன்னேன்: ஒளியைச் சிதறடிப்பது படிகங்கள் சேர்ந்த பெரிய உருண்டைத் திரள்கள்; நீட்டியதில் படிகங்கள் மிகச் சிறியவை.