ஹண்ட் கடந்து போன பிறகுதான் ஜாக்கிரதையா இருக்கணும்

இங்கிலாந்துல லெஸ்டர்ஷயர்ல மெல்டன் மோப்ரே பக்கம் ஒரு லிவரி யார்டுல எனக்கு இது ஆறாவது வருஷம். மத்தவங்க குதிரைய மாசக் கட்டணத்துக்கு வச்சுப் பாத்துக்கற இடம் அது. தீனி போடறது, லாயம் சுத்தம் பண்றது, ஓனர் வர முடியாத நாள்ல குதிரைய வெளிய ஓட்டிட்டு வர்றது எல்லாம் எங்க வேலை. அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸ்ல சைஸா, அதாவது குதிரை பராமரிக்கறவரா, இருந்தவர், நான் குதிரை வாசனையிலயே வளர்ந்தேன், அதனால குதிரை மிரள்றது எனக்குப் புதுசு இல்ல. ஆனா ஹண்ட், அதாவது நாய்க்கூட்டத்தோட குதிரைல போற வேட்டைக் கூட்டம், அந்தச் சத்தம் கேட்ட குதிரைய இங்க வந்துதான் முதல்ல பாத்தேன்.

இந்த ஊரு ஹண்டுக்குன்னே பேர் போன ஊரு. குவோர்ன், பீவர், காட்ஸ்மோர்னு மூணு பழைய ஹண்டோட எல்லையும் மெல்டனைச் சுத்திதான் வரும். நவம்பர் ஆரம்பத்துல சீசன் தொடங்கினா மார்ச் வரைக்கும் ஓடும், அதுக்கு முன்னாடியே இலையுதிர் காலத்துல காலங்காத்தால ஹவுண்டுகள, அதான் வேட்டை நாய்கள, பழக்க வெளிய கொண்டுவருவாங்க. ஹவுண்ட ஜோடி ஜோடியாத்தான் எண்ணுவாங்க, பதினஞ்சு ஜோடின்னா முப்பது நாய். 2004ல போட்ட சட்டம் 2005 பிப்ரவரி 18ல நடைமுறைக்கு வந்ததுல இருந்து இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் நாய்க்கூட்டத்த விட்டு நரி வேட்டையாடறது தடை. இப்ப முன்கூட்டியே ஒரு துணில வாசனைய ஏத்தி இழுத்துட்டுப் போவாங்க, அந்தத் தடத்த ஹவுண்டுக மோந்து போகும், டிரெயில் ஹண்டிங்னு பேரு. அதுலயும் நரி மாட்டுதாங்கற சண்டை ஓயல, 2024 தேர்தல் அறிக்கைல தொழிற்கட்சி இதையும் தடை பண்றோம்னு சொல்லுச்சு. எனக்கு நரிய துரத்தறது பிடிக்காது, யார்டுல யாரு கேட்டாலும் அதச் சொல்லுவேன். ஆனா பிரைடில்வேல, குதிரை போகலாம்னு விட்ட வயல் பாதைல, போற என் குதிரைக்கு சட்டமெல்லாம் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது வேட்டைல ஊதற ஹார்ன் சத்தமும் நாய்க்கூட்டமும் நாப்பது அம்பது குதிரையோட குளம்புச் சத்தமும்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நவம்பர் கடைசில ஒரு செவ்வாய்க்கிழமை. அன்னிக்கு எந்த இடத்துல மீட், அதாவது ஹண்ட் கூடிக் கிளம்பற இடம் எதுன்னு, எங்க மேனேஜர் அம்மா எப்பவும் விசாரிச்சு போர்டுல எழுதிடுவாங்க, அன்னிக்கும் எழுதியிருந்தாங்க, ஏழெட்டு மைல் தள்ளின்னு போட்டிருந்துச்சு. ஹவுண்டு எந்தப் பக்கம் திரும்பும்னு போர்டுல எழுத முடியாதே. நான் ஏறினது பதினாறு கை உயரம் (ஒரு கைன்னா நாலு அங்குலம்), பதினாலு வயசு, அயர்லாந்துல இருந்து வந்த பழுப்புக் குதிரை. யார்டுலயே சாது அவன்தான், சின்னப் புள்ளைங்க ஏறினா கழுத்தத் தாழ்த்தி நிப்பான். அயர்லாந்துல அஞ்சு சீசன் ஹண்டுக்குப் போனவன்னு ஓனர் சொல்லியிருந்தாங்க, அது அவனுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு நான் யோசிக்கல.

பனிமூட்டம் கலையல. வேலியோரமா நடந்துட்டிருந்தவன் திடீர்னு நின்னான். எனக்கு ஒண்ணும் கேக்கல, ஆனா ரெண்டு காதும் ஒரே பக்கம் குத்திட்டு நின்னுது, தலை தூக்கினான், முதுகு எனக்குக் கீழ இரும்பு மாதிரி ஆச்சு, ஒரே நிமிஷத்துல ஒரு சாண் வளர்ந்துட்டானோன்னு தோணுச்சு. அப்புறம் என் ரெண்டு கால் நடுவுல, சேணத்தத் தாண்டி, அவன் நெஞ்சு அடிக்கறது தெரிஞ்சுது. இதப் படிக்கற யாருக்காவது அது நடந்திருந்தா தெரியும், நம்ம நெஞ்சும் அதே வேகத்துக்குப் போயிடப் பாக்கும். அப்புறம்தான் ஹார்ன் எனக்குக் கேட்டுச்சு.

அந்த நேரத்துல ஏதாவது செய்ய உருப்படியா அரை நிமிஷம்தான் கிடைக்கும். இறங்கிடலாமான்னு நினைச்சேன். இறங்கறது தப்பே இல்ல, சின்னக் குதிரை, கேட்டு போட்ட சின்ன இடம்னா நான் இப்பவும் இறங்கிடுவேன், ஆனா திறந்த வயல்ல இவ்வளவு பெரிய குதிரை கிளம்பினா கீழ நிக்கற நான் கடிவாள வாரோட இழுபட்டுப் போவேன், இல்லன்னா விட்டுடுவேன், விட்டா அவன் நேரா ரோட்டுக்குத்தான் போவான். அதனால இறங்கல. கழுத்துப் பட்டைல ஒரு விரலக் கோத்துக்கிட்டேன், அங்கவடில குதிகாலத் தாழ்த்தினேன், வயல் மூலைல கேட்டுப் பக்கம் கொண்டுபோயி அவன் மூஞ்சிய ஹவுண்டு வர்ற பக்கம் திருப்பி நிறுத்தினேன். இது முக்கியம். குதிரைக்கு நேர் பின்னாடி கண்ணு தெரியாது, அங்க நாய் வந்தா உதைக்கும், அடுத்தவங்க ஹவுண்ட உதைச்சுட்டா அதவிட அவமானம் இந்த நாட்டுல குதிரைக்காரனுக்குக் கிடையாது. உதைக்கற குதிரைன்னா வால்ல சிவப்பு ரிப்பன் கட்டுவாங்க, இளசுன்னா பச்சை.

நான் பண்ணின தப்பு, அவன் பின்பக்கத்த வேலிக்குக் கொடுத்தது. ஹவுண்டுக முன்னாடி வயல் வழியா ஓடினப்ப நல்லாத்தான் நின்னான், நடுங்கினான் ஆனா நின்னான். கூட்டத்த விட்டுப் பின்தங்கின ஒரு ஹவுண்டு அந்த வேலிக்குள்ள புகுந்து அவன் கால் நடுவுல வந்து எழுந்துச்சு. காலத் தூக்கினது எனக்குத் தெரிஞ்சுது, குளம்பு அந்த நாயோட தலைக்கு ஒரு கை தூரத்துல போச்சு. அந்த நாய் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. இப்பல்லாம் வேலிக்கு முதுகு காட்டி நிக்கவே மாட்டேன், நாலு பக்கமும் எனக்கும் அவனுக்கும் தெரியற இடமாப் பாத்து நிப்பேன்.

பின்னாடி குதிரைக்கூட்டம் வந்துச்சு. நான் கைய உசத்தி, "கொஞ்சம் நடந்து போங்க, குதிரை மிரண்டிருக்கு"ன்னு கத்தினேன். முன்னாடி வந்த ஃபீல்டு மாஸ்டர், அந்தக் குதிரைக்கூட்டத்த நடத்திட்டு வர்றவர், உடனே கைகாட்டி எல்லாரையும் நடைக்குக் கொண்டுவந்தார். கேட்டா பெரும்பாலும் நிறுத்துவாங்க, ஆனா கேக்கணும், சீக்கிரமாக் கேக்கணும், வெக்கப்பட்டு நின்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அவங்க கடந்து போனாங்க. அப்பாடான்னு நான் மூச்ச விட்டு கையத் தளர்த்தினேன், யார்டு பக்கம் திருப்பினேன். அங்கதான் அவன் கிளம்பினான்.

அன்னிக்கு நான் கத்துக்கிட்டது அதுதான். ஹண்ட் வரும்போது குதிரை ஆச்சரியத்துல நின்னு பாக்கும், சமாளிச்சுடலாம். போகும்போதுதான் ஆபத்து. மந்தைல வாழற பிராணி, நாப்பது குதிரை ஒரு பக்கமா ஓடுது, நீ மட்டும் தனியா எதிர்ப்பக்கம் வான்னா அதுக்கு விட்டுட்டுப் போறாங்கங்கற பயம்தான் வரும், அந்தப் பயத்துக்கு முன்னாடி என் கை என்ன பண்ணும்? நேரா இழுத்தா இழுத்த அளவுக்கு முன்னாடி தள்ளுவான். முதல் பத்துப் பாய்ச்சல் அவன் இஷ்டம்தான். அப்புறம் ஒரு பக்க வார மட்டும் இழுத்து விட்டு, இழுத்து விட்டு, வயல்ல வட்டம் போட வச்சேன், லெஸ்டர்ஷயர் களிமண் நவம்பர்ல நல்லா ஈரம், அதுவும் அவன் வேகத்த வாங்குச்சு. வட்டம் சின்னதாச்சு. அப்பதான் அப்பா ஞாபகம் வந்து வாயத் திறந்தேன், அவர் லாயத்துல பேசற மாதிரியே, "ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்ல, போறாங்க, போகட்டும்". அயர்லாந்துக் குதிரைக்குத் தமிழ் புரியாது, ஆனா பேசணும்னா நான் மூச்சு விட்டாகணும், நான் மூச்சு விட்டா என் உக்காரல் இளகும், அது அவனுக்குப் புரியும். ஒரு காது மட்டும் பின்னாடி என் பக்கம் திரும்புச்சு. அந்த ஒரு காதப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இப்ப நான் என்ன பண்றேன்னா, கூட்டம் போனதும் வீட்டுப் பக்கம் திருப்பறதே இல்ல. ஹார்ன் சத்தம் அவன் காதுக்கும் எட்டாமப் போற வரைக்கும், காது தளர்ந்து வாய மென்னு அசைக்க ஆரம்பிக்கற வரைக்கும், அதே இடத்துல சின்ன வேலை கொடுப்பேன், எட்டு வடிவத்துல நடை, நாலடி பின்னாடி, பக்கவாட்டுல ரெண்டடி, பத்து நிமிஷமானாலும் சரி. கூட இன்னொரு குதிரை இருந்தா ரெண்டையும் பிரிக்கவே கூடாது. மீட் பக்கத்துலன்னு தெரிஞ்சா மேய்ச்சல்ல இருக்கற குதிரைகளையும் காலையிலயே உள்ள கட்டிடுவோம், வேலியத் தாண்டப் போயி கம்பில கால அறுத்துக்கிட்ட குதிரை உண்டு. ரேடியோவ சத்தமா வச்சுடுவோம்.

அன்னிக்கு முழு வழியும் நடையிலயே திரும்பினோம். கழுத்துல நுரை வெள்ளையாக் காஞ்சு கிடந்துச்சு. கம்பளி போத்தி, நாலு காலையும் தடவி சூடு பாத்து, ஓனருக்கு ஃபோன் பண்ணி உதைச்சது உட்பட எல்லாத்தையும் சொன்னேன். "குதிரையும் நீயும் முழுசா இருக்கீங்களா, அது போதும்"னாங்க. சாயந்திரம் காஞ்ச புல்லு வச்சேன், தொடல. லாயக் கதவுக்கு மேல தலைய நீட்டி, அவங்க போன பக்கமே காத வச்சுட்டு நின்னான். ஷிஃப்ட் முடிஞ்சும் நான் கிளம்பல, பக்கெட்டக் கவுத்துப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எட்டு மணிக்கு மேலதான் தலைய உள்ள இழுத்து ஒரு வாய் புல்ல எடுத்தான்.