இராவணன் வெட்டின் அடி தெரிய ஒரு படம்

"வெட்டின்ரை அடி தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு வா, பிள்ளை." திருகோணமலைக்கு வெளிக்கிட்டபோது அம்மா கேட்டது, கோணேசர் கோயில் மலையில் இருக்கிற இராவணன் வெட்டு என்ற பாறை இடுக்கின் படம் ஒன்றைத்தான். கலியாணம் முடித்த புதிதில் ஒரே ஒரு தடவை கோணேசரைக் கும்பிட்டவ. பிறகு சண்டை, இடப்பெயர்வு. எல்லாம் ஓய்ந்தபோது முழங்கால் வருத்தம். இனி கோயில் இருக்கிற அந்தச் சுவாமிமலை ஏற அவவால் ஏலாது.

இரவு பஸ்ஸில் போய் இறங்கி, விடியும்போது கோட்டை வாசலுக்கு வந்துவிட்டேன். வாசல் கல்லில் இரட்டைக் கயலும் தேய்ந்த தமிழ் எழுத்தும் இருக்கின்றன. 1620களில் போர்த்துக்கீசர் மலைமேல் இருந்த கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். ஒரு காலத்தில் சுவாமியைச் சுற்றி நின்ற கல் என்பதால், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன். புள்ளிமான்கள் பாதையோரம் மேய்ந்துகொண்டிருந்தன. ஏற்றம் முடிகிற இடத்தில் கடல் காற்று வந்து முகத்தில் அடித்தது.

காலைப் பூசையில் அம்மாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்வித்தேன். மாதுமை அம்பாளுக்கு முன்னால் நிற்கும்போது, வீட்டில் அம்மா விளக்கேற்றிவிட்டுப் பாடுகிற கோணமாமலைப் பதிகம் தானாக வாயில் வந்தது. சம்பந்தர் கடல் கடந்து வராமல், இராமேஸ்வரத்தில் நின்றபடியே இந்தப் பதிகத்தைப் பாடினார் என்று சொல்வார்கள். ஒலிக்கிற கடலின் அலை முத்துக்களைக் கொண்டுவந்து ஒதுக்குகிற மலை என்று, கண்ணால் பார்த்தவர் போலவே பாடியிருக்கிறார். தூரத்தில் இருந்து கும்பிடுகிறவர்களுக்கு இந்த மலை அப்படித் தெரியும் போலும்.

கும்பிட்டு முடித்துக் கமராவை எடுத்துக்கொண்டு வெட்டுப் பக்கம் போனேன். மலையை மேலிருந்து கீழே வாளால் பிளந்த மாதிரி ஒரு இடுக்கு. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, அடியில் கடல். இராவணனின் தாய் தினமும் இங்கே வந்து சிவனைக் கும்பிட்டவ என்றும், நோயில் விழுந்து வர முடியாமல் போனபோது மலையையே பெயர்த்து அவவிடம் கொண்டுபோக அவன் வாளை ஓங்கினான் என்றும் கதை. பத்துத் தலையும் பெருங்கோபமும் கொண்ட இராவணனைத்தான் எங்களுக்கு அதிகம் தெரியும். இந்த இடுக்குக்கு நேரே நின்றால் தாய்க்காக மூச்சு வாங்க வாங்கக் கல்லை வெட்டுகிற மகன்தான் கண்ணில் தெரிகிறான். பக்கத்தில் கைகூப்பி நிற்கிற அவன் சிலையைப் பார்த்து நானும் கைகூப்பினேன்.

படம் லேசில் அமையவில்லை. முதலில் ஷட்டரை மெதுவாக வைத்து எடுத்தேன். அலை எல்லாம் பால் போலக் குழைந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது கடல் மாதிரியே இல்லை. அம்மாவுக்கு அது புரியாது. வேகத்தைக் கூட்டி எடுத்தால் அலை சில்லுச் சில்லாகத் தெறித்து உறைந்து நின்றது, இடுக்கின் அடியோ வெறும் கறுப்பாகக் கிடந்தது. உப்புத் துமி லென்ஸில் படியப் படிய, சட்டைப் பையில் இருந்த பருத்தித் துணியால் துடைத்துக்கொண்டு, வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் கரையோரப் பாறைகள் ஒவ்வொன்றாக உருவம் எடுக்கத் தொடங்கின. ஒன்று கால் மடித்துப் படுத்த நந்தி. திமில் கூட இருந்தது. தள்ளி நின்ற இன்னொன்று, வெட்டியபோது தெறித்து விழுந்த துண்டாக இருக்குமோ என்று நினைத்தேன். இந்தத் தண்ணீருக்குள்தான் பழைய கோயிலின் தூண்கள் கிடக்கின்றன. 1950களில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின் நண்பர் மைக் வில்சனும் சுழியோடி அவற்றைக் கண்டார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து பஞ்சலோகத் திருவுருவங்கள் வெளிப்பட்டன; 1963இல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. ஏறக்குறைய முந்நூற்று நாற்பது வருடம் இந்த மலையில் கோயில் கட்டடம் இல்லை. அந்தக் காலத்திலும் சனங்கள் விளிம்பில் நின்று பூவையும் பழத்தையும் கடலில் இட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மரத்தில் நேர்த்திக்குத் தொட்டில் கட்டிக்கொண்டு நின்ற ஒரு வயதான அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ன பிள்ளை, கனநேரமா அதையே பார்த்துக்கொண்டு நிக்கிறீங்கள்?"

"அடி தெரியவேணும், அம்மா. வீட்டில அம்மா கேட்டவ."

"கொஞ்சம் பொறுங்கோ. வெயில் இறங்கினால் தெரியும்."

ஒன்பது மணிக்குப் பிறகு வெளிச்சம் ஒரு பக்கச் சுவரால் மெல்ல இறங்கியது. மஞ்சள் பாய்ந்த கல், ஈரம் ஊறிய கரும்பச்சைப் பாசி, அதற்கும் கீழே அலை வந்து முட்டித் திரும்புகிற இடத்தில் வெள்ளை நுரை. ஒரு புறா குறுக்கே பறந்தபோது எடுத்த படம்தான் சரியாக வந்தது. புறா பொட்டளவாகத் தெரிந்ததால் வெட்டின் ஆழம் பார்த்த உடனே பிடிபட்டது.

தாயை இழந்த இராவணன் வாளைக் குத்திக் கருமம் செய்த இடம் என்று சொல்லப்படும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அங்கிருந்து கிட்டத்தான். பஸ் நிலையத்தில் கன்னியாவால் போகிற பஸ் நின்றது. அதில் ஏற எனக்கு மனம் வரவில்லை. நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா திருநீறு பூசிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தா. விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். சுவர், பாசி, நுரை.

"அண்டைக்கு உன்ரை அப்பா என்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். பயத்தில எட்டிப் பார்க்க விடேல்லை" என்றா.

பிறகு விரலை அந்த நுரையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு கீழயோ?" என்று கேட்டா.